கீபோர்டு பீரோ மேல் இருந்தால் கை பழகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளுக்குப் புதுக் கீபோர்டு வருகிறது. மே மாதம் முழுக்க வீடே அதிர வாசிக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் வாரம் ஒரு வகுப்பு என்று சுருங்குகிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது உறை போட்டு பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். சரஸ்வதி பூஜையன்று கீழே இறங்கி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, விஜயதசமி முடிந்ததும் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. கேட்டால், "பிள்ளைக்கு ஆர்வம் இல்லீங்க" என்பார்கள். ஆர்வமில்லாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் எப்படிப் பழக வேண்டும் என்று யாரும் சொல்லித்தராத பிள்ளைகள்தான் ஏராளம்.

வகுப்பு வாரத்தில் முக்கால் மணி நேரம். மீதி ஆறு நாளும் வாத்தியம் வீட்டில் இருக்கிறது. பாட்டும் வீணையும் கற்ற குடும்பங்களில் 'சாதகம்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. அதிகாலையில் எழுந்து, முதல் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடுவது அங்கே பல் துலக்குவது போல அன்றாட வழக்கம். பியானோவும் கீபோர்டும் கேட்பது அதே சாதகத்தைத்தான். அதை நடத்தப் பெற்றோருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அரை மணி நேரம் உட்கார்ந்து வாசி" என்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு எந்த நாலு பார் கண்ணு?" என்று கேட்கப் பழகினால் போதும். பாட்டு அச்சிட்ட இசைப் புத்தகத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் துண்டுதான் பார். நேரத்தைச் சொன்னால் பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும். வேலையைச் சொன்னால் கையைப் பார்க்கும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். உறையைக் கழற்றி, ஸ்டாண்டை விரித்து, அடாப்டரைத் தேடிச் செருகுவதற்கே ஐந்து நிமிடம் ஆகுமென்றால், பத்து நிமிடம் வாசிக்க எந்தப் பிள்ளையும் நாலாம் நாள் முன்வராது. கீபோர்டு ஸ்டாண்டிலேயே, ஒயர் செருகியபடியே இருக்கட்டும். தூசிக்கு மேலே ஒரு பருத்தித் துண்டு போதும். துண்டை எடுத்து ஸ்விட்சைப் போட்டால் வாசிக்கலாம் என்ற நிலையில் எப்போதும் இருக்க வேண்டும். டிவி ஓடும் ஹால் ஒத்துவராது. கதவைச் சாத்திய தனி அறையும் சிறு பிள்ளைக்கு ஆகாது. யாரோ கேட்கிறார்கள் என்ற துணை அதற்கு வேண்டும். சமையலறையிலிருந்து காது எட்டும் மூலைதான் நல்ல இடம்.

அடுத்தது உயரம். இதில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. பியானோவில் வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72 செ.மீ. உயரத்தில் இருக்கும். நாம் 75 செ.மீ. உயரமுள்ள சாப்பாட்டு மேஜை மேல் 10 செ.மீ. கனமுள்ள கீபோர்டை வைக்கிறோம். கட்டைகள் 85 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகின்றன. ஏழு வயதுப் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு, கைகளை மேலே நீட்டி வாசிக்கிறது. "கை வலிக்குதும்மா" என்று அது சொல்வதைச் சாக்குப்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். விரல்களைக் கட்டை மேல் வைக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில், அல்லது ஒரு விரற்கடை மேலே இருக்க வேண்டும். மணிக்கட்டு கீழே தொங்கவும் கூடாது, மேடு தட்டவும் கூடாது. ஸ்டாண்டை இறக்க முடியவில்லை என்றால் ஆளை உயர்த்துங்கள். ஜமுக்காளத்தை இரண்டு மூன்றாக மடித்து நாற்காலியில் போடலாம். தலையணை அமுங்கிப் போகும், ஆகாது. உயர்த்தியதும் கால் தொங்கும்; பாதத்துக்கு அடியில் ஒரு மணையோ சிறு ஸ்டூலோ வையுங்கள். பாதம் ஊன்றாத பிள்ளையின் இடுப்பு ஆடும், அந்த ஆட்டத்தைச் சமாளிக்கத் தோளும் கையும் இறுகும்.

தரையில் சப்பணமிட்டு வாசிக்கும் பிள்ளைகளும் நம் பக்கம் நிறைய உண்டு. அதில் குற்றமில்லை. கீபோர்டை நேரே தரையில் வைப்பதுதான் குற்றம். முதுகு கூன் விழும், மணிக்கட்டு மடங்கும். ஆர்மோனியப் பெட்டியின் உயரத்துக்கு வரும்படி அடியில் பலகை கொடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். ஒரு ச-வின் (சி என்ற வெள்ளைக் கட்டையின்) இடது ஓரத்திலிருந்து அடுத்த மேல் ச-வின் இடது ஓரம் வரை ஏறக்குறைய 16.5 செ.மீ. இருந்தால் அது முழு அளவுக் கட்டை. அதற்குக் கணிசமாகக் குறைந்தால் விளையாட்டுச் சாமான். அதில் பழகிய கை பெரிய கட்டையில் இடம் தவறும். குறைந்தது 61 கட்டை வேண்டும். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்க வேண்டும். இந்த வசதியை 'டச்' என்பார்கள். டச் இல்லாத கீபோர்டில் ஐந்து வருடம் வாசித்தாலும் விரலுக்குக் கனம் தெரியாது. பியானோவில் 88 கட்டை. கட்டையில் எடையும் காலுக்குப் பெடலும் அதற்கு உண்டு. பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும், கிரேடு கிரேடாக இசைத் தேர்வு நடத்தும் லண்டன் நிறுவனமான டிரினிட்டி தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. பிள்ளை எதில் தேர்வு எழுதப் போகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

அடாப்டர் பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைத்ததைச் செருக வேண்டாம். ஒரு கீபோர்டுக்கு 9.5 வோல்ட், இன்னொன்றுக்கு 12 வோல்ட். சிலவற்றில் முனையின் உள்பக்கம் நெகட்டிவ், சிலவற்றில் பாசிட்டிவ். ஊசி பொருந்துகிறது என்பதற்காக மின்சாரமும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கீபோர்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பூஜைக்கு வைக்கும்போது சந்தனத்தை ஸ்டாண்டில் வையுங்கள், கட்டையில் வேண்டாம். டச் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் கரி பூசிய இரண்டு ரப்பர் தொடுமுனைகள் இருக்கின்றன. இரண்டும் எவ்வளவு நேர இடைவெளியில் தொடுகின்றன என்பதை வைத்துத்தான் கீபோர்டு வேகத்தை அளக்கிறது. ஈரமோ தூசியோ எறும்போ அதில் சேர்ந்தால் ஒரு கட்டை ஊமையாகிவிடும், அல்லது தொட்டவுடன் அலறும். பிஸ்கட் தின்றுகொண்டே வாசிக்க விடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

நேரம். "எப்ப டைம் கிடைக்குதோ அப்ப" என்று சொன்ன வீட்டில் நேரம் கிடைத்ததே இல்லை. பள்ளிப் பேருந்து ஐந்து மணிக்கு, டியூஷன் ஆறு மணிக்கு, வீட்டுப்பாடம் எட்டு மணிக்கு என்று ஓடும் நாளில், மாறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு பயிற்சியைக் கட்டிப்போடுங்கள். பால் குடித்த டம்ளரை வைத்ததும், அல்லது விளக்கேற்றியதும், அல்லது காலையில் சீருடை போடுவதற்கு முன். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் விரல் விறைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கையை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டு உட்காரட்டும். ஓசூர் அடுக்குமாடிகளில் அண்டை வீட்டுக்காக ஹெட்போன் போடுகிறார்கள். ஒலியைப் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது. பல கீபோர்டுகளில் ஹெட்போன் துளை 6.35 மி.மீ.; செல்போன் ஹெட்போன் 3.5 மி.மீ. நடுவில் ஒரு மாற்றுமுனை வாங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது ஹெட்போன் இல்லாமல் வாசிக்கட்டும், வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு: ஐந்தாறு வயதில் பத்து நிமிடம், அதையும் ஐந்து ஐந்தாக உடைக்கலாம். ஏழெட்டு வயதில் பதினைந்து. பத்து வயதுக்கு மேல் இருபத்தைந்து, முப்பது. ஐந்தாம் கிரேடு எட்டியவர்களுக்கு முக்கால் மணி. வாரத்தில் ஐந்தாறு நாள் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஆறு நாள் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன் இரண்டு மணி நேரம் தேய்ப்பதால் பயன் மிகக் குறைவு. முதல் அரை மணிக்குப் பிறகு கவனம் போய்விடுகிறது. விரல் கற்றுக்கொண்டது படிவதற்கு நடுவில் ஓர் இரவுத் தூக்கமும் தேவை. நேற்று வராத இடம் இன்று காலை தானாக வருவதைப் பிள்ளைகளே வியந்து சொல்வார்கள்.

பதினைந்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று பார்ப்போம். முதல் ஒரு நிமிடம் கீபோர்டைச் சரிபார்க்க. சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் 0-வில் இருக்கிறதா? யாரோ விளையாட்டாக அழுத்திவிட்டிருந்தால் ஒரு கட்டைச் சுருதியான சி-யை அழுத்தினால் இரண்டு கட்டைச் சுருதியான டி ஒலிக்கும். பிள்ளை சரியாக வாசித்தும் தப்பாகக் கேட்கும், குழம்பிப் போகும். டச் ஆன் செய்திருக்கிறதா? ஸ்டைல் எனப்படும் தானியங்கித் தாளம் நின்றிருக்கிறதா? அந்தத் தாளம் ஓடினால் பிள்ளை அதைத் துரத்துவதிலேயே குறியாக இருக்கும். பிறகு மூன்று நிமிடம் ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏற்றி இறக்கி வாசிப்பது. அடுத்த எட்டு நிமிடம் இன்றைய நாலு பார். கடைசி மூன்று நிமிடம் நன்றாகத் தெரிந்த, பிடித்த பாட்டு. சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரி. எழுந்து போகும்போது கையில் இனிமை இருந்தால்தான் நாளை திரும்ப வரும்.

ஸ்கேலில் ஒரே ஒரு இடத்தைக் கவனித்தால் போதும். ஒரு கட்டைச் சுருதியில், வெள்ளைக் கட்டைகளில் மட்டும் வாசிக்கும் சி மேஜர் என்பது நம் 29-ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்களேதான். வலது கைக்குக் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ச ரி க என்பதை 1, 2, 3 விரல்களால் வாசித்து, ம-வுக்குக் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து, ம ப த நி ச என்பதை 1, 2, 3, 4, 5 என்று முடிக்க வேண்டும். பழகாத பிள்ளை ம-வுக்கு நாலாம் விரலைப் போடும். ப-வோடு ஐந்து விரலும் தீர்ந்துவிடும், த-வுக்கு விரல் இருக்காது. அங்கே கையைத் தூக்கிக் குதிக்கும். பெற்றோருக்கு நோட்டு படிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் குதி காதில் விழும். இன்னொரு தவறு, கட்டைவிரல் கடைசி நேரம் வரை காத்திருந்து திடீரெனப் பாய்வது. அப்போது முழங்கை வெளியே விரியும், ம மட்டும் ஓங்கி ஒலிக்கும். ரி ஒலிக்கும்போதே கட்டைவிரல் உள்ளே நகரத் தொடங்கினால் இந்த இடி நின்றுவிடும். நாலு கட்டையில் தொடங்கும் எஃப் மேஜர் வந்ததும் வலது கை விரல் கணக்கு மாறும். 1, 2, 3, 4, பிறகு 1, 2, 3, 4. அந்த முதல் 4 தான் கறுப்புக் கட்டையில் விழுவது. சி மேஜர் பழக்கத்தில் மூன்றாம் விரலோடு திரும்பப் பார்ப்பார்கள், பென்சிலால் '4' என்று பெரிதாக எழுதி வையுங்கள். வயலினும் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு: அங்கே ஆள்காட்டி விரல்தான் 1.

கையின் வடிவத்துக்கு நம் ஊரில் விளக்கம் தேட வேண்டியதில்லை. களி உருண்டையை உள்ளங்கையில் ஏந்தும்போது விரல்கள் எப்படி வளைகின்றனவோ, அப்படியே கவிழ்த்துக் கட்டை மேல் வைத்தால் சரியான வடிவம். நகம் கட்டையில் டக்டக் என்று தட்டும் சத்தம் கேட்டால் நகவெட்டியை எடுங்கள். நகத்துக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் விரலைத் தட்டையாக நீட்டி வாசிக்கிறார்கள்.

இனி அந்த எட்டு நிமிடம். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் ஒரு தவறைச் சொல்கிறேன். பாட்டைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பார்கள், ஒன்பதாவது பாரில் தடுக்கும், உடனே மறுபடி தொடக்கத்துக்கு ஓடுவார்கள். ஒரு மாலையில் முதல் வரியை இருபது முறையும் ஒன்பதாவது பாரை இருபது முறை தப்பாகவும் வாசித்துவிட்டு எழுந்திருப்பார்கள். கைக்கு எது சரி, எது தப்பு என்று தெரியாது; எதைப் பலமுறை செய்ததோ அதைத்தான் அது கற்றுக்கொள்ளும். ஆகவே பார்களுக்கு எண் போடுங்கள், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பென்சிலால். இன்றைக்கு 9 முதல் 12 வரை. வேறு எதுவும் வேண்டாம்.

வலது கை மட்டும் இரண்டு முறை, இடது கை மட்டும் இரண்டு முறை, பிறகு இரண்டும் சேர்த்து, ஊர்ந்து போகும் வேகத்தில். அப்போது மூன்று புளியங்கொட்டைகளை எடுத்துக் கீபோர்டின் இடது மூலையில் வையுங்கள். நாலு பாரும் சரியாக வந்தால் பிள்ளை ஒரு கொட்டையை வலப்பக்கம் நகர்த்தட்டும். இரண்டாவது முறையும் சரியாக வந்தால் இன்னொன்று. மூன்றாவதில் தவறினால் மூன்றும் திரும்ப இடப்பக்கம். தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்து மூன்றும் வலப்பக்கம் சேர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது, ஐந்தே நிமிடம் ஆகியிருந்தாலும் சரி. இந்தக் கடைசி வாக்கைப் பெற்றோர் காப்பாற்றியே ஆக வேண்டும். "சீக்கிரம் முடிச்சிட்டியே, இன்னும் ரெண்டு தடவை வாசி" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கவனமாக வாசித்து விரைவில் முடிப்பதில் லாபமில்லை என்று பிள்ளை புரிந்துகொள்ளும். கொட்டைகள் நாலைந்து முறை திரும்பி வந்தால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். துண்டு பெரிது, அல்லது வேகம் அதிகம். நாலு பாரை இரண்டாக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். கண்ணில் நீர் தளும்பும்வரை கொட்டையை நகர்த்த வைப்பது முறையின் பிழை.

தவறிய ஒற்றை ஸ்வரத்தை மட்டும் தட்டித் திருத்திவிட்டு மேலே போவதும் கூடாது. தவறு பெரும்பாலும் அந்த ஸ்வரத்தில் இருக்காது. அதற்கு முந்தைய ஸ்வரத்திலிருந்து அங்கே வரும் வழியில் இருக்கும். முந்தைய பாரின் கடைசி ஸ்வரத்தில் தொடங்கி, அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

வேகத்துக்கு, சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம். கீபோர்டிலேயே பட்டன் இருக்கும், செல்போனிலும் இலவசமாகக் கிடைக்கும். 60 என்றால் நொடிக்கு ஒரு தட்டு. பாட்டு 96 வேகத்தில் போக வேண்டுமென்றால் 56-ல் தொடங்குங்கள். மூன்று கொட்டையும் வலப்பக்கம் சேர்ந்த நாளில் மட்டும் 4 ஏற்றுங்கள். பத்தே ஏற்றத்தில் 96 வந்துவிடும். தடுமாறினால் 8 இறக்குங்கள். அவசரப்பட்டு முதல் நாளே 96-ல் பிடித்தால் பத்து நாள் கழித்தும் அந்தத் தடுமாற்றம் அப்படியே இருக்கும். ஒன்பதாவது பாருக்கு முன்னால் கை தானாக ஒரு கணம் தயங்கும். வகுப்பில் அந்தத் தயக்கத்தை எடுக்கவே இரண்டு வாரம் ஆகும்.

தாளம் பிடிபடாத பிள்ளைக்கு நம் சொற்கட்டைவிட நல்ல மருந்து இல்லை. ஒரு கிராட்செட்டுக்கு (ஒரு தட்டு நோட்டு) 'தா', இரண்டு குவேவருக்கு (அரைத் தட்டு) 'தக', நாலு செமிகுவேவருக்கு (கால் தட்டு) 'தகதிமி'. மூன்று தட்டுப் பாருக்குத் 'தகிட'. கீபோர்டைத் தொடாமல், தொடையில் தட்டிக்கொண்டே நாலு பாரையும் சொல்லச் சொல்லுங்கள். வாயில் வராத தாளம் விரலில் வராது. மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளில் கீபோர்டு ஒலிக்காவிட்டாலும் இது நடக்கலாம். அணைந்த கட்டைகளில் விரல் கணக்கையும் பழகலாம்.

நோட்டுகளுக்கு அடியில் ஸ்வரம் எழுதுவது பற்றி ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்து இது: வரிக்கு ஒரே ஒரு எழுத்து, முதல் நோட்டுக்கு மட்டும். எல்லா நோட்டுக்கும் எழுதினால் கண் எழுத்தைத்தான் படிக்கும், ஐந்து கோட்டைப் பார்க்கவே பார்க்காது. இரண்டு வருடம் கழித்து அழிப்பான் எடுத்து அழித்ததும் பிள்ளை முதல் வகுப்புக்குத் திரும்பிவிடும். அதற்குப் பதில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, அட்டைக்கு ஒரு நோட்டு வரைந்து, நாளுக்கு ஐந்து அட்டை காட்டுங்கள். நடு சி, ட்ரெபிளில் (மேல் ஐந்து கோட்டில்) கீழிருந்து இரண்டாம் கோட்டு ஜி, பாஸில் (கீழ் ஐந்து கோட்டில்) கீழிருந்து நாலாம் கோட்டு எஃப், இந்த மூன்றும் மைல்கல். மற்றவற்றை இவற்றிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். மேலிருந்து வண்ணக் கட்டம் விழும் வீடியோக்களைப் பார்த்து வாசிப்பதும் இதே ரகம்தான். பாட்டு வரும், படிப்பு வராது. கடைசி மூன்று நிமிடத்துக்கு அனுமதிக்கலாம், எட்டு நிமிடத்துக்குள் நுழைய விடாதீர்கள்.

பெற்றோர் பேச்சு. அடுப்படியிலிருந்து "தப்பு! தப்பு!" என்று குரல் கொடுக்காதீர்கள். தப்பு பிள்ளைக்கும் கேட்கிறது. எங்கே, ஏன் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய், "மூணாவது விரல்னு போட்டிருக்கே, நீ எந்த விரல் போட்டே?" என்று கேளுங்கள். நோட்டின் மேல் அச்சிட்ட எண்ணையும் பிள்ளையின் விரலையும் ஒப்பிட எந்தச் சங்கீத ஞானமும் வேண்டாம். தினம் ஒரு விரல் மாற்றி வாசிக்கும் பாட்டு மனப்பாடம் ஆகவே ஆகாது. விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு சாமி" என்று எழுப்பிவிடுவதையும் நிறுத்த வேண்டும். பாதி பழகிய பாட்டைக் கூச்சத்தோடு ஓட்டமாக ஓட்டும்போது பத்து நாள் சேர்த்த நிதானம் கலைகிறது. காட்டியே ஆக வேண்டுமென்றால் போன மாதம் முடித்த பாட்டைக் காட்டட்டும். பெரியப்பா மகள் மூன்றாம் கிரேடு முடித்துவிட்டாள் என்ற பேச்சு அறவே வேண்டாம்.

கிரேடு பற்றியும் ஒரு வார்த்தை. டிரினிட்டி, அதே போன்ற இன்னொரு லண்டன் அமைப்பான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் தேர்வுகள் எட்டு கிரேடு வரை இருக்கின்றன, நல்ல ஏணிதான். ஆனால் தேர்வுக்கான மூன்று நாலு பாட்டையே ஒரு வருடம் முழுக்க வாசிக்க வைக்கிறார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும், பிள்ளைக்குப் புதிதாக ஒரு எளிய பாட்டை நோட்டு பார்த்து வாசிக்க வராது. தினம் இரண்டு நிமிடம், தன் கிரேடுக்கு இரண்டு கிரேடு கீழான, முன்பு பார்க்காத நாலு வரியைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்கட்டும். இங்கே மட்டும் தப்பினால் நிற்கவே கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'நன்றாகப் பயிற்சி செய்' என்று டைரியில் எழுதி அனுப்பாதீர்கள். அதை வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் எதுவும் செய்ய முடியாது. 'பார் 9–12, இடது கை தனியாக, வேகம் 56, பதினோராவது பாரில் விரல் 4' என்று எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பார், வேகம் என்று மூன்று கட்டம் போட்டுப் பிள்ளையே தினமும் நிரப்பட்டும். அடுத்த வாரம் அதைப் பார்த்தால் எங்கே சிக்கியது என்று இரண்டு நிமிடத்தில் புரியும். பள்ளிகளுக்கும் ஒன்று. ஆண்டு விழாவுக்கு மட்டும் திறக்கும் இசை அறையை மதிய இடைவேளையில் இருபது நிமிடம் திறந்து வைத்தால், வீட்டில் கீபோர்டு வாங்க முடியாத பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள்.

திருவிழா, காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று நாலு நாள் விட்டுப்போவது எல்லா வீட்டிலும் நடக்கும். விட்டதை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். திரும்பிய முதல் நாள் பாதி நேரம், தெரிந்த பாட்டு மட்டும். இரண்டாம் நாள் ஸ்கேல் சேரட்டும். மூன்றாம் நாள் நாலு பாருக்குத் திரும்பலாம், வேகத்தை 8 குறைத்து. மாம்பழக் காலத்தில் பாட்டி ஊருக்கு இருபது நாள் போகும் பிள்ளைக்கு, சார்ட் பேப்பரில் ஸ்தாயிக்கு (ச முதல் மேல் ச வரை) 16.5 செ.மீ. கணக்கில் இரண்டு ஸ்தாயிக் கட்டைகளை வரைந்து, கறுப்புக் கட்டைகளை ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பி, சுருட்டிப் பையில் போட்டு அனுப்புங்கள். திண்ணையில் விரித்து, வாயால் ஸ்வரம் சொல்லி, விரலால் தொட்டுப் பழகட்டும். புளியங்கொட்டை அங்கேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ, கீபோர்டு ஆசிரியர்,
கிருஷ்ணகிரி.